ஜூன் 30

நாட்காட்டியில் ஏதேனும் ஒரு தேதியைத் தேர்ந்துகொண்டு, கடந்த 200 வருஷங்களில் அந்தத் தேதியில் உலகில் நிகழ்ந்தவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், அவற்றுக்குள் ஏதோ ஓர் இரகசிய உறவு இருப்பதாக எண்ணி வியப்பது இயல்பு. மனித மனத்தின் அமைப்பு அப்படிப்பட்டது. இரண்டு சம்பவங்கள் ஒரே நாளில் நடந்தன என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிட அது அவாவுகிறது. இந்த அத்தியாயத்திற்கு நான் எடுத்துக்கொண்ட தேதி ஜூன் 30. விஞ்ஞான சரித்திரத்தில் இத்தேதிக்கு வாய்த்திருக்கும் விசித்திரங்கள் பல. ஆயினும் அவற்றை வேடிக்கைக்காக வரிசைப்படுத்திக் காட்டுவதோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. ஒரே தேதியில் வந்து விழுந்த சம்பவங்களுள் எவை யதேச்சையாக விழுந்தவை, எவை இயற்கையின் நியதியால் விழுந்தவை, எவை மனிதர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதியால் விழுந்தவை என்று பிரித்தறிவது, அந்தச் சம்பவங்களைக் காட்டிலும் சுவையானது என்பது என் அபிப்பிராயம்.

1859-ஆம் வருஷம் ஜூன் 30 அன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் நடுவே நயாகரா நதி அறுத்துச் செல்லும் ஆழ்ந்த பள்ளத்தின் இரு கரைகளிலும் பல்லாயிரம் ஜனங்கள் திரண்டு நின்றனர். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, சுமார் 335 மீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் நதி சுழித்துக்கொண்டு ஓடியது. பிளாண்டின் என்று உலகம் அழைத்த பிரெஞ்சுக் கழைக்கூத்தாடி, நீண்டதொரு கழியைக் கையில் ஏந்தி அந்தக் கயிற்றின் மேல் நடந்து, பாதி வழியில் சாவதானமாக உட்கார்ந்து, கீழே நின்ற படகுக்கு ஒரு நூலை இறக்கி, அதன் வழியே ஒரு புட்டியை மேலே இழுத்துக் குடித்துவிட்டுப் பின் எழுந்து அக்கரை சேர்ந்தார். அவருடைய நெஞ்சுரத்தைப் போற்றியவர்களுள், அந்தக் கழி செய்த வேலையை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. ஒரு பொருளின் எடை அதன் நடுவிலிருந்து எவ்வளவுக்கெவ்வளவு தூரத்தில் பரவியிருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அது சுழல மறுக்கும். பௌதிக நூலோர் இதனை நிலைமத் திருப்புத்திறன் என்பர். நீண்ட கழி இந்தத் திறனைப் பன்மடங்கு பெருக்கிவிடுவதால், கயிற்றின் மேல் நிற்பவன் ஒரு பக்கம் சாயத் தொடங்கினாலும் அந்தச் சாய்வு மெல்ல நிகழ்கிறது; அது மெல்ல நிகழ்வதால் அவனுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கழியின் இரு நுனிகளும் தாழ்ந்து வளைந்திருப்பின், மொத்தப் புவியீர்ப்பு மையமும் சற்றுக் கீழே இறங்கி, நிலைபேறு இன்னும் கூடும். நம் ஊர் வீதிகளில் கழைக்கூத்தாடும் சிறுமியின் கையிலுள்ள மூங்கிலும் இதே காரியத்தைத்தான் செய்கிறது.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1860-ஆம் வருஷம் ஜூன் 30, சனிக்கிழமை, ஆக்ஸ்போர்டில் புதிதாகக் கட்டப்பட்ட இயற்கைப் பொருட்காட்சிசாலையில், பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் வருடாந்தர மகாநாடு கூடியிருந்தது. டார்வினுடைய உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. நூலாசிரியரோ தேக அசௌக்கியத்தால் வரவில்லை. எழுநூறுக்கு மேற்பட்டோர் நிறைந்திருந்த சபையில் ஆக்ஸ்போர்டு பிஷப் சாமுவேல் வில்பர்போர்ஸ் அந்தக் கொள்கையைக் கண்டித்துப் பேச, தாமஸ் ஹக்ஸ்லியும் தாவர நூலறிஞர் ஜோசப் ஹூக்கரும் மறுமொழி கூறினர். டார்வினைத் தம் கப்பலில் ஐந்து வருஷம் ஏற்றிச் சென்ற கேப்டன் பிட்ஸ்ராய், அதே சபையில் எழுந்து, வேதப் புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, அதனை நம்புமாறு சபையோரை வேண்டிக்கொண்டார். குரங்கின் வழிவந்தது பாட்டன் பக்கமா பாட்டி பக்கமா என்று பிஷப் வினவியதும், அதற்கு ஹக்ஸ்லி இறுத்த விடையும் புத்தகங்களில் பிரசித்தம். ஆனால் அன்று அங்கே சொல்லுக்குச் சொல் குறித்து வைத்தவர் எவரும் இல்லை என்பதையும், நமக்குக் கிடைப்பவை பிற்பாடு எழுதப்பட்ட கடிதங்களும் நினைவுகளுமே என்பதையும் வாசகர்கள் மறக்கலாகாது. ஹூக்கர் எழுதிய கடிதத்தைப் படித்தால், அன்றைய வெற்றி ஹக்ஸ்லியுடையதன்று, ஹூக்கருடையது என்றே தோன்றும்.

கழைக்கூத்துக்கும் பரிணாமக் கொள்கைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. இதனை வாதத்தால் நிறுவுவதைவிடக் கணக்கால் நிறுவுவது எளிது. ஓர் அறையில் 23 பேர் கூடியிருந்தால், அவர்களுள் யாரேனும் இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நிகழ்தகவுக் கணிதம் கூறுகிறது. முதன்முறை கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். வருஷத்தில் 365 நாட்கள் இருக்க, 23 பேர் எம்மாத்திரம் என்பார்கள். ஆனால் 23 பேருக்குள் இருவர் இருவராகச் சேர்க்கக்கூடிய ஜோடிகள் 253 என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு அடங்கிவிடும். சரித்திரத்தில் குறிப்பிடத்தக்க சம்பவங்கள் ஆயிரம் என்று வைத்துக்கொண்டாலும், அவற்றை வருஷத்தின் நாட்களில் பங்கிட்டால் தேதிக்கு ஏறக்குறைய மூன்று வரும். சில தேதிகளுக்கு ஒன்றும் இராது, சிலவற்றுக்கு ஏழெட்டு வந்து சேரும். அப்படி நிறைந்து கிடக்கும் தேதிகளுள் ஒன்றை நான் தேடி எடுத்துக்கொண்டேன் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இதுவரை எல்லாம் யதேச்சை.

இனி வருவது அவ்வளவு எளிதன்று. 1908-ஆம் வருஷம் ஜூன் 30 அன்று, சைபீரியாவின் நடுவே, பொத்காமென்னயா துங்குஸ்கா என்னும் நதியை அடுத்த, கலைமான் மேய்க்கும் எவெங்கி ஜனங்களைத் தவிர வேறு எவரும் அதிகம் கால்வைத்திராத ஊசியிலைக் காட்டின் மீது, காலை ஏழேகால் மணி அளவில் ஒரு தீப்பிழம்பு ஆகாயத்தைக் கிழித்துக்கொண்டு வந்து வெடித்தது. சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வனவரா என்ற வாணிபக் குடியிருப்பில் வீட்டு வாசலில் அமர்ந்திருந்த ஒருவர், தம் சட்டையே தீப்பற்றிக்கொண்டதுபோன்ற வெப்பத்தை உணர்ந்த மறுகணம், அதிர்ச்சி அலையால் தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தார். இர்குட்ஸ்க் நகரின் பூகம்பமானிகள் நடுங்கின. பிரிட்டனிலுள்ள காற்றழுத்தக் கருவிகளும் அந்த அலையைப் பதிந்துகொண்டன. அடுத்துவந்த சில இரவுகள் ஐரோப்பாவெங்கும் இருளே இல்லாமல் கழிந்தன; லண்டனில் நள்ளிரவில் விளக்கின்றிச் செய்தித்தாள் படிக்க முடிந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

அந்த இடத்தை முதன்முதலாக ஒரு விஞ்ஞானி சென்று பார்க்கப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. இடையில் ஒரு மகாயுத்தமும் ஒரு புரட்சியும் நடந்து முடிந்திருந்தன. 1927-ல் லியோனித் கூலிக் என்னும் சோவியத் ஆராய்ச்சியாளர், சதுப்புகளையும் கொசுக் கூட்டத்தையும் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, விழுந்த விண்கல் பறித்த பெரும் பள்ளத்தைக் காணலாம் என்று எதிர்பார்த்தே சென்றார். பள்ளம் எதுவும் இல்லை. மரங்களோ, கண்ணுக்கெட்டிய தூரம் வேரோடு சாய்ந்து, யாவும் ஒரே மையத்திலிருந்து வெளிநோக்கித் தலைவைத்துக் கிடந்தன. மையத்தில் மட்டும் சில மரங்கள் கிளையும் பட்டையும் இழந்து நெட்டுக்குத்தாக நின்றன. ஏறத்தாழ 2150 சதுர கிலோமீட்டர் பரப்பில், சுமார் எட்டுக் கோடி மரங்கள் வீழ்ந்திருந்தன. நின்ற மரங்களே புதிரை விடுவிக்கும் சாட்சிகளாயின. வெடிப்பு தரையில் நிகழவில்லை. ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தின் எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் அந்த விண்கல் சிதறி, தன் வேகம் முழுவதையும் வெப்பமாகவும் காற்றலையாகவும் மாற்றிவிட்டது. நேர் கீழே நின்ற மரங்கள்மீது அலை உச்சியிலிருந்து இறங்கியதால் அவை கிளைகளை மட்டும் இழந்தன. தொலைவில் நின்றவை பக்கவாட்டில் அடிபட்டுச் சாய்ந்தன. பல முறை அந்தக் காட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்ற கூலிக், இரண்டாம் உலக யுத்தத்தில் சிறைப்பட்டு 1942-ல் மாண்டார். தாம் தேடிய கல் ஏன் அகப்படவில்லை என்பதற்கு முடிவான விடையை அவர் அறியாமலே போனது என் மனத்தை இன்றும் வருத்துகிறது.

பூமியின் சுழற்சியை எண்ணிப் பார்த்தால் இந்தச் சம்பவம் இன்னும் அச்சமூட்டும். துங்குஸ்காவும், அன்றைய ருஷ்யத் தலைநகரமான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. அதே கல் அதே பாதையில் ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகத் தாமதித்து வந்திருக்குமானால், அதற்கு நேரே திரும்பி நின்றிருக்கக் கூடியது அந்த மாநகரமே. இந்நிகழ்ச்சியின் நினைவாகவே ஐக்கிய நாடுகள் சபை 2016-ல் ஜூன் 30-ஐச் சர்வதேச விண்கற்கள் தினமாகப் பிரகடனம் செய்தது.

ஆனால் அன்று ருஷ்யாவில் தேதி ஜூன் 30 அல்ல. ஜூலியஸ் சீசர் ஏற்படுத்திய பழைய பஞ்சாங்கத்தையே அந்நாடு அப்போது பின்பற்றியது. அதன்படி அது ஜூன் 17. 1918-ல் புதிய அரசாங்கம் ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 என்று ஆணையிட்ட பிறகே ருஷ்யர்களின் தேதி ஏனைய ஐரோப்பாவின் தேதியோடு ஒத்துப்போயிற்று. அதுவுமல்லாமல், வெடிப்பு நிகழ்ந்தபோது கிரீன்விச்சில் நள்ளிரவு கடந்து 14 நிமிஷங்களே ஆகியிருந்தன. அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூயார்க்கில் இருந்தவர்களுக்கு அது ஜூன் 29-ஆம் தேதி சாயங்காலம். சைபீரியக் காட்டின் எட்டுக் கோடி மரங்கள் எந்தத் தேதியில் விழுந்தன என்ற கேள்விக்கு, கேட்பவர் எங்கே நிற்கிறார், எந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டே விடை சொல்லவேண்டியிருக்கிறது.

1971-ல் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவத்திற்கும் இதே நிலைமை. சல்யூத் என்ற முதல் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரத்திற்கு மேல் தங்கியிருந்து சோயுஸ் 11 ஓடத்தில் திரும்பிய தப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் ஆகிய மூவரும், ஓடத்தின் பகுதிகள் பிரியும்போது காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் ஒரு வால்வு அகாலத்தில் திறந்துகொண்டதால், சுமார் 168 கிலோமீட்டர் உயரத்தில் மூச்சுக் காற்றை இழந்து மாண்டனர். ஓடம் தானாகவே கஜகஸ்தான் புல்வெளியில் பத்திரமாக இறங்கியது. கதவைத் திறந்தவர்கள் உள்ளே கண்டது உயிரற்ற மூன்று உடல்களை. விண்வெளியின் எல்லைக்கு அப்பால் உயிர்நீத்த மனிதர்கள் இன்றுவரை இம்மூவரே. அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. மூவர் நெருங்கி அமர்ந்த அந்தக் கூண்டில் அதற்கு இடம் இருக்கவில்லை. அதன்பின் புறப்பாட்டின்போதும் இறக்கத்தின்போதும் அழுத்த உடை கட்டாயமாக்கப்பட்டு, பல வருஷங்களுக்கு ஓடத்தில் இருவரே அனுப்பப்பட்டனர். மாஸ்கோவின் கடிகாரப்படி ஓடம் தரையைத் தொட்டது ஜூன் 30, அதிகாலை 2 மணி 16 நிமிஷம். கிரீன்விச்சின் கடிகாரமோ அப்போது ஜூன் 29, இரவு 11 மணி 16 நிமிஷம் காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே சமயத்தில் நடந்தன என்று சொல்லும்போது நாம் உண்மையில் என்ன சொல்கிறோம் என்ற கேள்வியைச் சிறிதும் தயக்கமின்றி எழுப்பி, அதற்கு எவரும் எதிர்பாராத விடையைத் தந்த ஒரு கட்டுரை, ஜெர்மனியின் பௌதிகப் பத்திரிகையான அன்னாலென் டெர் பிசிக் அலுவலகத்தை வந்தடைந்த தேதி, அச்சிட்ட பிரதியின் இறுதியில் குறிக்கப்பட்டிருக்கிறபடி, 1905 ஜூன் 30. எழுதியவர் பெர்ன் நகரத்துப் பேட்டண்ட் அலுவலகத்தில் மூன்றாந்தர நிபுணராக வேலை பார்த்துவந்த, 26 வயது நிரம்பிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அக்கட்டுரையில் பிறருடைய நூல்களைச் சுட்டும் குறிப்பு ஒன்றேனும் இல்லை. இறுதியில் தம் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோவுக்கு நன்றி மட்டும் கூறியிருக்கிறார். ரயில் ஏழு மணிக்கு இங்கே வந்து சேருகிறது என்று ஒருவர் சொன்னால், கடிகாரத்தின் சின்ன முள் ஏழைத் தொடுவதும் ரயில் வந்து நிற்பதும் ஒருசேர நிகழ்கின்றன என்பதே அதன் பொருள் என்று மிக எளிய உதாரணத்தில் தொடங்கும் ஐன்ஸ்டைன், நம் அருகில் நடப்பதற்கு இந்த விளக்கம் போதுமாயினும், தொலைவில் நடப்பதற்குப் போதாது என்கிறார். தொலைவிலிருந்து வரும் செய்தி ஒளியின் வேகத்திற்கு மேல் வர இயலாது. ஒளியின் வேகமோ, நிற்பவருக்கும் ஓடுபவருக்கும் ஒன்றே. இவ்விரண்டையும் ஒப்புக்கொண்டால், ஒருவருக்கு ஒரே சமயத்தில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள், அவரைக் கடந்து வேகமாகச் செல்லும் மற்றொருவருக்கு முன்னும் பின்னுமாக நிகழ்ந்தவையாகும். பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ஒரு கடிகாரம் எங்கும் இல்லை.

இதே கட்டுரையில், பூமத்தியரேகையில் வைத்த கடிகாரம் துருவத்தில் வைத்ததைவிட மிக மிகச் சிறிதளவு மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் எழுதியிருந்தார். பூமத்தியரேகையில் உள்ளது பூமியோடு சுழன்று விரைகிறதல்லவா? பத்து வருஷங்களுக்குப் பின் அவரே கண்ட பொதுச் சார்புக் கொள்கை, ஈர்ப்பின் விளைவையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்று காட்டிற்று. பூமியின் இடுப்பு பருத்திருப்பதால் பூமத்தியரேகையிலுள்ள கடிகாரம் மையத்திலிருந்து எட்ட நிற்கிறது. அதனால் வேகமாக ஓடவேண்டியது. சுழற்சியால் நேரும் தாமதமும் இந்த வேகமும் கடல்மட்டத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இரண்டு கடிகாரங்களும் ஒத்தே ஓடுகின்றன. இவ்வளவு அழகான ஒரு சமன்பாட்டை இயற்கையில் நான் அதிகம் கண்டதில்லை.

பொதுச் சார்புக் கொள்கையைச் சோதித்தறிய உதவியது 1919 மே 29-ல் நிகழ்ந்த பூரண சூரிய கிரகணம் என்பதும், ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிபே தீவில் எடிங்டனும் பிரேசிலின் சொப்ரால் நகரில் வேறு சிலரும், சூரியனருகே தெரிந்த நட்சத்திரங்களின் இடம் விலகியிருப்பதைப் படம்பிடித்ததும் பலரும் அறிந்தவை. கிரகணங்களுக்கு ஒரு குலமுறை உண்டு என்பது அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. பாபிலோனியர் காலந்தொட்டுத் தெரிந்த சாரோஸ் என்னும் சுற்று ஒன்று உண்டு; அது 18 வருஷமும் 10 அல்லது 11 நாட்களும், எட்டு மணி நேரமாகிய நாளின் மூன்றிலொரு பங்கும் சேர்ந்த காலம். ஒரு கிரகணம் நிகழ்ந்து இவ்வளவு காலம் கழிந்தபின், சூரியனும் சந்திரனும் பூமியும் ஏறத்தாழ முன்போலவே அமைய, அதே சாயலில் இன்னொரு கிரகணம் பூமியின் வேறொரு பாகத்தில் நிகழும். எடிங்டன் கண்ட கிரகணத்தின் வாரிசுகள் 1937 ஜூன் 8, 1955 ஜூன் 20 ஆகிய தேதிகளில் வந்தன. பின்னதன் நிழல் இலங்கையின்மீது சென்றது. அதற்கடுத்த வாரிசு வந்த நாள் 1973 ஜூன் 30.

இந்தக் குலத்துக் கிரகணங்கள் அசாதாரணமாக நீண்டவை. ஏழு நிமிஷத்துக்கு மேல் சூரியன் முழுமையாக மறைந்திருந்த நேர்ச்சிகள் இதிலுண்டு. ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிடமிருந்து மிக எட்ட நிற்பதால் சூரியவட்டம் சிறுத்துத் தோன்றும். அவ்வேளையில் சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்து பெரிதாகத் தோன்றுமாயின், மறைப்பு நீளும். 1973-ல் தரையில் நின்றவர்களுக்கு அது அதிகபட்சம் 7 நிமிஷம் 4 விநாடி. ஆனால் பியர் லேனா என்ற பிரெஞ்சு வானியல் அறிஞருக்கு அது போதவில்லை. நிலத்தின்மீது சந்திர நிழல் மணிக்கு 2000 கிலோமீட்டருக்கும் அதிகமாக விரைகிறது. அந்த வேகத்தில் பறக்கவல்ல விமானம் ஒன்று அப்போதுதான் சோதனைப் பறப்புகளில் இருந்தது. கான்கார்ட் என்ற அந்த விமானத்தின் முதல் மாதிரியின் கூரையில் துளைகள் அமைத்துக் கருவிகளைப் பொருத்தி, விமானி ஆந்த்ரே துர்கா அதனைக் கானரித் தீவுகளின் லாஸ் பல்மாஸிலிருந்து கிளப்பி, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் சஹாராவைக் கடந்து சாட் நாட்டில் இறக்கினார். நிழலை விட்டுப் பிரியாமல் அதற்குள்ளேயே அவர்கள் பறந்த நேரம் 74 நிமிஷம். மனிதர் எவரும் அதற்கு முன்போ பின்போ பூரண கிரகணத்துக்குள் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. சூரியனின் புறவெளிச்சமாகிய கொரோனாவை மேகமும் காற்றுமண்டலத்தின் ஈரமும் குறுக்கிடாமல் ஒரு மணிக்கு மேல் இடைவிடாது ஆராய அவர்களுக்கு வாய்த்தது.

அது போகட்டும், வாசகர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. 1973-க்குச் சரியாக 19 வருஷம் முன்னால், 1954 ஜூன் 30 அன்றும் ஒரு பூரண சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதன் பாதை அமெரிக்காவில் சூரியோதயத்தில் தொடங்கி, ஸ்காண்டினேவியா வழியாக வந்து, இந்தியாவின் வடமேற்கில் அஸ்தமனத்தில் முடிந்தது. 1973-க்குச் சரியாக 19 வருஷம் பின்னால், 1992 ஜூன் 30 அன்றும் ஒரு பூரண கிரகணம், தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மீது. 1935 ஜூன் 30 அன்று ஒரு பகுதி கிரகணம். இந்த நான்கும் யதேச்சையாக ஒரு தேதியில் கூடியவை அல்ல. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து மெட்டன் பெயரால் வழங்கும் சுற்றின்படி, 19 வருஷத்தில் 235 அமாவாசைகள் ஏறத்தாழப் பிசகாமல் அடங்குகின்றன. 6940 நாட்களுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்குக்குள் அமைகிறது. ஆகவே இன்று அமாவாசையானால் 19 வருஷம் கழித்து இதே தேதியில், அல்லது ஒரு நாள் முன்பின்னாக, அமாவாசை வரும். கிரகணம் உண்டாவதற்கு அமாவாசை மட்டும் போதாது. சந்திரன் ராகு கேது என்று நம் முன்னோர் குறித்த வெட்டுப்புள்ளிகளுக்கு அருகிலும் இருக்கவேண்டும். அந்த ஒழுங்கு நான்கைந்து முறைக்குமேல் நீடிப்பதில்லை. 2011-ல் இந்தச் சரத்தின் கடைசிக் கிரகணம் ஜூலை 1-க்கு நகர்ந்து, தென்துருவக் கடலின்மேல் சிறு பகுதியாக நேர்ந்து மறைந்தது. யதேச்சைபோலவே தோன்றும் ஒன்றுக்கு அடியில் இவ்வளவு உறுதியான நியதி கிடப்பதைக் காணும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்காகவே இந்தத் தேதியை நான் எடுத்துக்கொண்டேன்.

1954-ன் கிரகணம் ஒரு விவாதத்தையும் விட்டுச் சென்றது. பாரிசில் மோரிஸ் அல்லே என்பவர், தாம் ஆராய்ச்சிக்காக ஆட்டிவைத்திருந்த ஊசல், கிரகண வேளையில் தன் ஆடும் தளத்தை எதிர்பாராத அளவில் மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். அறிந்த ஈர்ப்பு விதிகளால் அதனை விளக்க இயலவில்லை. பிற்காலத்துக் கிரகணங்களின்போது பலர் செய்த சோதனைகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. அல்லே 1988-ல் நோபல் பரிசு பெற்றார், அது பொருளாதாரத்திற்காக.

இனி மனிதர்களின் விதியால் இத்தேதிக்கு வந்தது. 1948 ஜூன் 30 அன்று நியூயார்க்கில் பெல் ஆராய்ச்சிசாலையினர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பார்டீனும் பிராட்டனும் ஆறு மாதம் முன்பு செய்துமுடித்த டிரான்சிஸ்டரை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அச்செய்தியை 46-ஆம் பக்கத்தில், வானொலிச் செய்திகளுக்கு நடுவே, சில பத்திகளில் முடித்துக்கொண்டது. அந்தச் சின்னக் கருவிகள் கோடிகோடியாகப் பெருகிக் கணிப்பொறிகளாயின. அக்கணிப்பொறிகளைத் திகைக்கவைத்ததும் ஒரு ஜூன் 30 தான்.

1967-ல் விநாடிக்குப் புதிய இலக்கணம் வகுக்கப்பட்டது: சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிர எடுக்கும் காலம். அணுக் கடிகாரம் இவ்வாறு பிசகாமல் ஓடுகிறது; பூமியோ, சந்திரனின் ஈர்ப்பால் எழும் அலைகளின் உராய்வால் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நாளை ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு நீட்டிக்கொண்டு சுழல்கிறது. இரண்டும் 0.9 விநாடிக்குமேல் விலகலாகாது என்று முடிவுசெய்து, தேவைப்பட்டபோது ஒரு விநாடியைக் கூட்டுவதற்கு ஜூன் கடைசியையும் டிசம்பர் கடைசியையும் முதன்மையாக ஒதுக்கினர். முதல் லீப் விநாடி சேர்ந்த நாள் 1972 ஜூன் 30. அன்று கிரீன்விச் நேரப்படி 23 மணி 59 நிமிஷம் 59 விநாடிக்குப் பின் 60-ஆவது விநாடி ஒன்று வந்தது. நம் நாட்டில் அது ஜூலை 1-ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்கு முந்திய கணம். அவ்வருஷம் டிசம்பரிலும் ஒரு விநாடி சேர்க்கப்பட்டது; லீப் வருஷமுமாகையால், கூட்டிய நாளும் கூட்டிய விநாடிகளுமாக அது நவீன காலத்தின் மிக நீண்ட வருஷமாயிற்று. இதுவரை சேர்ந்த 27 லீப் விநாடிகளில் 11 ஜூன் 30-க்கு உரியவை. 1992 ஜூன் 30 அன்று பூரண கிரகணமும் லீப் விநாடியும் ஒரே நாளில் வந்தன. முன்னது மெட்டனின் சுற்றால், பின்னது ஒரு குழுவின் தீர்மானத்தால்.

2012 ஜூன் 30 அன்று சேர்ந்த விநாடியை எதிர்கொள்ள லினக்ஸ் என்னும் நிரலமைப்பைக் கொண்ட பல கணிப்பொறிகள் ஆயத்தமாக இருக்கவில்லை. சில, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு முடங்கின. ரெட்டிட் முதலிய தளங்கள் தடைப்பட்டன. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின. 2015 ஜூன் 30-க்குள் பலர் பாடம் கற்றிருந்தனர். கூட்ட வேண்டிய ஒரு விநாடியைப் பல மணி நேரத்தில் சிறுகச்சிறுகப் பரப்பிக் கரைத்துவிடும் உபாயம் பரவலாயிற்று. கடைசி லீப் விநாடி 2016 டிசம்பர் 31-ல் சேர்ந்தது. எடையளவுகளுக்கான சர்வதேச மகாநாடு 2022-ல் கூடி, 2035-க்குள் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, பூமிக்கும் கடிகாரத்துக்கும் இன்னும் பெரிய விலகலை அனுமதிப்பது என்று தீர்மானித்திருக்கிறது. அதுவரை, பூமியின் சுழற்சியைக் கண்காணிக்கும் பாரிசிலுள்ள அலுவலகம், வருகின்ற ஜூன் கடைசியிலோ டிசம்பர் கடைசியிலோ விநாடி சேருமா சேராதா என்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலகின் கடிகார நிலையங்களுக்கு எழுதி அறிவித்துவருகிறது.